வெளியே போட்ட தாழ்ப்பாள்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த வில்லா, படத்தில் பார்த்ததைவிடப் பழையதாக இருந்தது. வெள்ளைச் சுவர்களில் உப்புக்காற்று பட்ட இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. ஆனால் கூடத்தைத் தாண்டினால் ஒரு நீச்சல்குளம், நாலு சாய்வு நாற்காலி, அதற்கப்புறம் கடல்தான். என் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளத்தைப் பார்த்து ஓடினாள். எட்டு வயது, வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘வாலு’. என் மனைவி அவளைப் பிடிக்க ஓடினாள். அக்கா பெட்டிகளை இறக்கினாள். நான் அப்பாவை இறக்கினேன்.

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மூன்று வருடமாக மறதி நோய். எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தொழில் மட்டும் போகவில்லை. காரிலிருந்து இறங்கியதும், வில்லாவைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளைப் பார்த்து, “எங்கம்மா இறங்கணும்?” என்றார்.

“இங்கேயேதாங்க,” என்றாள் அவள்.

“அப்ப முன்னாடியே எந்திரிச்சு வர்றதில்லையா? கடைசி நேரத்துல கூட்டத்தைப் பிளந்துகிட்டு வர்றீங்க.”

எல்லோரும் சிரித்தோம். அவரைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் வீட்டில் பழகிப்போயிருந்தது.

அவருக்குக் கீழ்த்தளத்தின் கடைசி அறையைக் கொடுத்தோம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒட்டிய குளியலறை, கடலைப் பார்த்த ஜன்னலில் இரும்புக் கம்பி. அந்த அறைக் கதவுக்கு மட்டும் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. கனமான, பழைய தாழ்ப்பாள். ஓர் அறைக்கு எதற்காக வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நல்லதாகப் போயிற்று என்றுதான் தோன்றியது.

இதைச் சொல்லும்போது கூசுகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எந்த மாத்திரை எவ்வளவு நேரம் ஆளைக் கிடத்தும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு விருந்தாளி வருகிற நாட்களில், வாலுவின் பரீட்சை நாட்களில், சும்மா எனக்கே அலுப்பாக இருந்த நாட்களில்கூட, ஒன்றரை வருடமாக அப்பாவுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துப் பழகியிருந்தேன். அவர் விழுங்க மறுப்பார். தாடையைப் பிடித்து வாயை மூடி, தொண்டையை இரண்டு விரலால் மேலிருந்து கீழாகத் தடவினால் போதும், தானாக இறங்கிவிடும். மனைவிக்கு இது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை படகில் ஒரு மணல்திட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று மணிக்குத் திரும்பலாம் என்றான் படகுக்காரன். அப்பாவைப் படகில் ஏற்ற முடியாது.

“நான் இருந்துக்கறேன்டா. நீங்க போயிட்டு வாங்க,” என்றாள் அக்கா.

“வேணாம்க்கா. அவர் தூங்கிடுவார். நாம வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டார்.”

“எப்படிடா அவ்வளவு உறுதியா சொல்ற?”

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு தொப்பியை எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

“தனியாவா விட்டுட்டுப் போறது?” என்று மனைவி கேட்டாள்.

“வீட்டைப் பார்க்கற அம்மா இருப்பாங்க. சொல்லிட்டேன்,” என்றேன். சொல்லவில்லை. அந்த அம்மாள் பத்து மணிக்கெல்லாம் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவாள் என்பதும் எனக்குத் தெரியும்.

வழக்கமாக ஒன்று கொடுப்பேன். அன்று இரண்டு கொடுத்தேன். அப்பா கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தபடியே விழுங்கினார்.

“தூங்குங்கப்பா. இப்ப வந்துடுவோம்.”

தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன். இரும்பு உராய்ந்த சத்தம் கூடம்வரை கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாள் நன்றாகவே போயிற்று. அதுதான் இன்னும் உறுத்துகிறது. வாலு சிப்பி பொறுக்கினாள். அக்கா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஆறு மணி நேரத்தில் நான் அப்பாவை ஒரு முறைகூட நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது தாழ்ப்பாள் நான் போட்டபடியே இருந்தது. திறந்தேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

குளித்திருந்தார். தலைமுடி படிய வாரி, பக்கவாட்டில் வகிடு எடுத்திருந்தது. அவர் வேலைக்குப் போன காலத்து வகிடு. எங்கள் யாருக்கும் அதை எடுக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான்கள் கழுத்துவரை ஒழுங்காகப் போட்டிருந்தன. அவரால் ஒரு பொத்தான்கூடப் போட முடியாது.

கட்டில் விரிப்பை யாரோ அலசிப் பிழிந்து ஜன்னல் கம்பியில் விரித்திருந்தார்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஈரத்துணி நாற்றம். அதற்கடியில் வேறொரு வாடை, வெகுநாள் தேங்கிய கடல்தண்ணீரின் வாடை.

மேசைமேல் மெல்லிய காகிதம் ஒன்று மடித்து வைத்திருந்தது. அதன்மேல் இரண்டு வெள்ளை மாத்திரைகள். பாதி கரைந்தவை. பக்கத்தில் பக்கத்தில், பார்க்கிறவர் கண்ணில் படட்டும் என்பதுபோல.

“இது என்ன மாத்திரைங்க?” மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“பிரஷர் மாத்திரை. துப்பிட்டார் போல.”

“ரெண்டா?”

“காலையில ஒண்ணு, நேத்து ஒண்ணு இருக்கும்.”

அக்கா வாசலில் நின்றாள். மாத்திரையைப் பார்த்தாள். அப்புறம் தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

“அந்தம்மா ரொம்ப நல்ல மாதிரி,” என்றார் அப்பா. “ஏறும்போதே தொப்பலா நனைஞ்சுதான் ஏறுனாங்க. எங்க இறங்கணும்னு நாலு தடவை கேட்டேன். சொல்லவே இல்ல.”

“பாவம், எவ்வளவு செஞ்சிருக்காங்க. வந்ததும் நன்றி சொல்லணும்,” என்றாள் மனைவி. கவனித்துக்கொள்ளும் அம்மாளைத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நான் அப்பாவின் முழங்கையைத் தொட்டேன். தோல் வெள்ளை பூத்திருந்தது. விரலை நக்கிப் பார்த்தேன்.

உப்பு.

சாயங்காலம் அந்த அம்மாள் வந்தபோது, மனைவி முந்திக்கொள்வதற்குள் கடல்பக்கத்து வாசலுக்கு ஓடினேன். அப்பாவைக் குளிப்பாட்டியது அவளா என்று மெதுவான குரலில் கேட்டேன்.

“நான் பத்து மணிக்கே போயிட்டேங்க,” என்றாள். “உள்ள ஆள் இருக்கறதே எனக்குத் தெரியாதே.” அப்போதுதான் ஜன்னலில் தொங்கிய விரிப்பு அவள் கண்ணில் பட்டது. பையைக் கீழே வைத்தாள். “அந்த ரூம்லயா இருந்தார்?”

“ஆமா.”

“வெளியில தாழ் போட்டீங்களா?”

“இல்லை.”

அவள் என்னை நம்பவில்லை. ஆனாலும் சொன்னாள். “இந்த வீட்டைக் கட்டினவங்க அவங்க வீட்டுப் பெரியம்மாவை அந்த ரூம்லதான் வெச்சிருந்தாங்க. புத்தி சரியில்லாதவங்க. வெளிய வந்தா தண்ணிக்குள்ள போயிடுவாங்கன்னு பூட்டி வைப்பாங்க. ஒருநாள் எல்லாரும் வெளிய போயிட்டு வந்து பார்த்தா, தாழ் போட்டபடியே இருந்துச்சு. ஜன்னல் கம்பி வளையல. உள்ள அவங்க இல்ல. மெத்தை மட்டும் ஊறிக் கிடந்துச்சு. அப்புறம் கிடைக்கவே இல்லைங்க.”

“தாழ்ப்பாளை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?”

“மூணு தடவை கழட்டியாச்சுங்க.”

பையை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைப் பக்கம் போனாள்.

அப்போதே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் ஏன் என்று கேட்பார்களே. தாழ்ப்பாளைச் சொன்னால் மாத்திரையைச் சொல்ல வேண்டும். மாத்திரையைச் சொன்னால் ஒன்றரை வருடத்தைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் காலையில், “நீங்க கடலுக்குப் போங்க. இன்னிக்கு நான் அப்பாகூட இருக்கேன்,” என்றேன்.

மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா, அப்பா தாத்தாவை எப்படிப் பாத்துக்கறாருன்னு,” என்றாள் வாலுவிடம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். கதவை அகலத் திறந்து வைத்திருந்தேன். உச்சி வெயில். ஜன்னல் வழியாக மணல் கண்ணைக் கூச வைத்தது. வாலு கத்துவது தூரத்தில் கேட்டது. பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அப்பா, “உள்ள தள்ளி நில்லுங்க சார்,” என்றார் என்னிடம். “அந்தம்மா ஏறணும்.”

குளியலறையில் யாரோ துணி பிழிகிற சத்தம் கேட்டது.

முறுக்கி, விட்டு, மறுபடி முறுக்கி. தண்ணீர் தரையில் விழுந்து ஓடும் சத்தம்.

எழுந்திருக்க நினைத்தேன். கால் நகரவில்லை. நாக்கில் ஒரு கசப்பு. எனக்குத் தெரிந்த கசப்புதான். கடையில் மாத்திரையை உடைத்த விரலைத் தெரியாமல் வாயில் வைத்தால் வருமே, அது.

தாடையைக் குளிர்ந்த கை ஒன்று பிடித்தது.

என் வாய் மூடிக்கொண்டது.

இரண்டு விரல்கள், தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள், என் தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவின. மெதுவாக. பழகின கை.

விழுங்கினேன்.

காதருகே மூச்சில்லாத ஒரு குரல்.

“தூங்குப்பா. இப்ப வந்துடுவோம்.”

கண் சொருகியது. ஆனால் தூக்கம் வரவில்லை. அதுதான் எனக்கு அதுவரை தெரியாதது. வெளியே பார்க்கிறவர்களுக்குத்தான் தூக்கம். உள்ளே எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்பா எழுந்தது கேட்டது. ஈரக் காலடிகள் அவர் காலடிகளோடு சேர்ந்து வெளியே போனது கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் உராய்ந்தது. கத்த வேண்டும், நாக்கு புரளவில்லை. மூத்திரம் முட்டியது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. தொடை வழியாகச் சூடாக இறங்கியது, பிறகு ஆறியது, பிறகு அரித்தது. யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா எத்தனை நாள் இப்படிக் கிடந்திருப்பார் என்று எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் நிறுத்தினேன்.

தாழ்ப்பாள் திறந்தது. மனைவி, அக்கா, வாலு, அவர்களுக்கு நடுவே அப்பா. முழங்கால்வரை நனைந்து, மணல் ஒட்டி, முகம் தெளிந்து.

“உங்களுக்கு என்னாச்சு?” மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “மாமா தனியா கடலுக்கு வந்தார். கையை இப்படித் தூக்கிப் பிடிச்சுகிட்டு வந்தார், யாரோ கூட்டிட்டு வர்ற மாதிரி. பின்னாடி நீங்க வர்றீங்கன்னு நெனச்சேன். உங்களை யாரு உள்ள வெச்சுப் பூட்டினது?”

வாலு என் பேன்ட்டைப் பார்த்தாள். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பாதான் முதலில் நகர்ந்தார். கொடியிலிருந்த துண்டை எடுத்துவந்து என் மடியில் போட்டு மூடினார். “பரவாயில்ல சார். எல்லாருக்கும் வர்றதுதான். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றார் மெதுவாக.

அங்கேயே, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாத்திரை. வீட்டில் கொடுத்தவை. ஒன்றரை வருடம். நாக்கு குழறியதால் சிலவற்றை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மனைவி வாலுவைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியும்டா,” என்றாள். “போன வருஷமே தெரியும். கேட்டா, நீயே கூட்டிட்டுப் போய் வெச்சுக்கன்னு சொல்லிடுவியோன்னு கேட்கல.”

ஒரு மணி நேரத்தில் கிளம்பினோம்.

அதன் பிறகு அப்பா எட்டு மாதம் இருந்தார். ஒரு தூக்க மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. கடைக்கு ஆள் வைத்துவிட்டு நானே குளிப்பாட்டினேன், ஊட்டினேன். சில நாள் அடிப்பார், சில நாள் அழுவார். அக்கா மாதத்தில் பாதி நாள் எங்களோடு இருந்தாள். மனைவி பேசத் தொடங்க நான்கு மாதம் ஆயிற்று. ஒரு காலையில் என் கையைப் பிடித்தபடி அப்பா போய்ச் சேர்ந்தார். நல்ல மகன் என்றார்கள் வந்தவர்கள். தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தால் என்று நினைத்திருப்பார்கள்.

போன வாரம் எனக்குக் கடும் காய்ச்சல். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், வாலு பள்ளிக்கு. வாசல் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு படுத்தேன். முற்பகல் முழுக்க அனத்திக்கொண்டு கிடந்தேன். எப்போதோ காய்ச்சல் தணிந்து விழிப்பு வந்தது.

நெற்றியில் ஒரு துணி இருந்தது. பிழிந்து, நான்காக மடித்து, அளவாக வைத்த துணி. அதிலிருந்து ஒரு சொட்டு மெல்ல வழிந்து உதட்டுக்கு வந்தது. கரித்தது.

கட்டிலின் ஓரம் யாரோ உட்கார்ந்ததுபோல் அமுங்கியிருந்தது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. பயமாக இருந்தது உண்மைதான். ஆனால் அதற்காக இல்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சற்றுப் பொறுத்து அந்தக் கை துணியை எடுத்து, மறுபக்கம் திருப்பி வைத்தது.