அஞ்சலை அக்காவின் முட்டைகள்

ஜப்பானியர் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். வாப்பா கொல்லையில் உட்கார்ந்து கோழிக்கூட்டின் கதவுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா தன் சிவப்புக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஊருக்கு வெளியே புக்கிட் ரம்பாயில மரவள்ளி நடப் போறோம் பாய். கோழியைக் கொண்டுபோனா வழியிலேயே ஜப்பான்காரன் பிடுங்கிடுவான். நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க."

"விட்டுட்டுப் போம்மா. இது எங்ககிட்ட அமானிதம்."

"அப்படின்னா?" என்று கேட்டான் என் தம்பி யூசுப்.

"நம்மை நம்பிக் கொடுத்த பொருள். அதைப் பத்தி அல்லாஹ் நம்மகிட்ட கேப்பான்."

"முட்டை போட்டா?"

"அதுவும் அஞ்சலையோடதுதான்."

மறுநாள் காலை காஜா பெராங் கடைத்தெருவுக்குப் போன வாப்பாவை ஜப்பானியர் லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள்.

கோழிக்கு அதெல்லாம் தெரியாது. அது முட்டையிட்டது.

எங்களுக்குச் சாப்பாடு வெறும் மரவள்ளிக்கிழங்குதான். யூசுப்பின் கால்கள் குச்சியாகிவிட்டன. ஒரு நாள் உம்மா ஒரு முட்டையைக் கையில் எடுத்து அவனையே பார்த்தார். பிறகு முட்டைகளைச் சேர்த்து வைத்த பானைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

"முட்டை அழுகிப்போகுமே! அழுகின அமானிதத்தை அக்கா வாங்குவாங்களா?" என்றான் யூசுப்.

அவன் கேட்டது நியாயம்தான். அன்று கோழி வெறும் கூட்டில் அடைக்கு உட்கார்ந்து எழ மறுத்தது. அது கையைக் கொத்தக் கொத்த, முட்டைகளை அதன் அடியில் வைத்தேன்.

"லாத்தா! எனக்குத் தராம கோழிக்கே திருப்பிக் கொடுக்குறியா?" என்று மூத்தவளான என்னிடம் சண்டைக்கு வந்தான் யூசுப்.

"இப்ப கெடாதுடா."

பல மாதம் கழித்து அஞ்சலை அக்கா வந்தார். கொல்லை நிறையப் பெட்டைகள் கிளறிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் யாருது மைமூன்?"

"உங்களோடதுதான் அக்கா. இன்னிக்கு ஒண்ணு முட்டையும் போட்டிருக்கு" என்றேன்.

அக்கா யூசுப்பின் கால்களைப் பார்த்தார்.

"தின்னுத் தொலைச்சிருக்கக் கூடாதா, பைத்தியங்களா!" என்று திட்டினார். தாய்க்கோழியை மட்டும் எடுத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் உங்களுக்கு. நானே கொடுக்கிறேன்."

அந்த முட்டையை எங்கள் அடுப்பில் அவரே வேகவைத்தார்.

"ஆறட்டும்டா," என்றார்.

யூசுப் கேட்கவில்லை. நாக்கு வெந்துபோனது. அழுதுகொண்டே முழுவதையும் தின்றான்.

வாப்பா திரும்பி வரவில்லை. யூசுப்புக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றும் அவன் எதையும் ஆறவிட்டுச் சாப்பிடுவதில்லை.