மஞ்சள் கடுதாசியில் அக்காவின் பெயர்

வெள்ளிக்கிழமை காலையில், கடனில் நொடித்துப்போனவர்கள் மனுக் கொடுக்கும் கரூர் நொடிப்பு மன்றத்தில் பெயர் பார்க்க வருகிற கூட்டம், கோயில் கூட்டத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஊருக்கு மேலே முகில்வலைகள் கட்டி மேகத்தைப் பிடித்துவைக்கத் தொடங்கிய நாளிலிருந்து, கதவைத் திறந்தால் பனியும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது. மன்றத்தின் பெரிய கூடத்தில் எதிரே வருகிறவர் பாதி தெரிவார், பாதி தெரியமாட்டார். அந்த வெண்மைக்குள் ஆளுயர ஏட்டுத்தூண்கள் மங்கிய நீல வெளிச்சத்தோடு நிற்கும். உள்ளங்கையை வைத்து ஒரு பெயரைச் சொன்னால் போதும், மாவட்டத்தில் அந்தப் பெயரில் மனுக் கொடுத்தவர்களும், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும் வரிசையாக ஸ்கிரீனில் வருவார்கள். பொதுப் பதிவேடு என்பதால் கட்டணம் கிடையாது. எதற்குத் தேடுகிறாய் என்று கேட்பாரும் கிடையாது.

பெரும்பாலோர் தேடுவது சொந்தப் பெயரைத்தான். அதுவும் கடன் கொடுத்தவர் வரிசையில். என்றைக்கோ யாருக்கோ கொடுத்துவிட்டு, யாரை மறந்துபோயிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

நிறைமதி தேடியது தன் பெயரை அல்ல. "நூல் மண்டி நல்லசிவம்" என்று தூணிடம் மெதுவாகச் சொன்னாள். ஸ்கிரீனில் வந்தது. மனுதாரர் நல்லசிவம், கடன் கொடுத்தவர் குழந்தைவேல், உறவு: உடன்பிறந்த அண்ணன். மன்றத்தின் வாசல் டீக்கடையில் தினமும் அந்த இருவரையும் அவள் பார்க்கிறாள். ஒரே ஜாடை, ஒரே மூக்கு, டீயை ஆற்றுகிற விதம்கூட ஒன்றுதான். இன்று காலையிலும் தம்பி அண்ணனிடம், "ஏனுங்க, கொஞ்சம் நகர்ந்து உக்காந்துக்கறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணனும் மரியாதையாக நகர்ந்துகொண்டார்.

சட்டம் கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. கடன்காரர்கள் வீட்டு வாசலில் நின்று மானத்தை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. குடும்பம் குடும்பமாக உயிரை விட்டார்கள். கடனைத் தள்ளுபடி செய்தாலும் மனத்திலிருந்து வஞ்சம் போகவில்லை, வெட்கமும் போகவில்லை. அதனால் பெரியவர்கள் கூடி யோசித்து, கடனை மனத்திலிருந்தே எடுத்துவிட வழி செய்தார்கள். மனுக் கொடுத்தவர் மறதி அறையில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால், வாங்கியது அவருக்கு நினைவிருக்காது. கடன் கொடுத்த மனிதருக்கும் அன்றிரவுத் தூக்கத்தில் அது கழன்றுபோகும். காகிதமே ஒழிந்துபோன பிறகும் ஊர் இதை மஞ்சள் கடுதாசி என்றுதான் சொல்லுகிறது.

வங்கிக் கடன் என்றால் தொல்லை இல்லை. மனிதர்கள் கொடுத்த கடனில்தான் சிக்கல். கொடுத்ததை இழுக்கும்போது அதைச் சுற்றி வளர்ந்த நினைவெல்லாம் கூடவே வந்துவிடுகிறது. எவ்வளவு வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

நிறைமதியின் முகில்வலைப் பட்டறை மூழ்கி ஒரு வருடமாகிவிட்டது. பருவக்காற்று திசை மாறியதில் பாதி வலைகள் வெறும் வானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. வங்கிக்கும் நூல்காரர்களுக்கும் தர வேண்டியதை எழுத அவளுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் கூடப்பிறந்த வடிவக்கா இருக்கிறாளே! பட்டறைக்காகத் தன் வீட்டை விற்றுக் கொடுத்தவள். அதற்கு முன்னால் படிப்புக்கு, பிரசவத்துக்கு, கணவன் விட்டுப்போன பிறகு வீட்டு வாடகைக்கு. வடிவக்காவிடமிருந்து கொடுத்ததையெல்லாம் இழுத்து எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைக்கவே நிறைமதிக்குப் பயமாக இருந்தது. அதனால் அக்காவின் பெயரை மறைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியும் இருந்தாள்.

வடிவக்கா சொன்னதைக் கேட்கிற ஆளா? பதிவாளர் அறை வாசலில், ஈரச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்குக்கா வந்தே?"

"டோக்கன் போட்டு வெச்சிருக்கறேன். வா, பேசாம."

பதிவாளர் ரஹ்மத் நிசா எதற்கும் அவசரப்படாத பெண்மணி. ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் ஒரு வாய் டீ குடித்தார். மேசையில் மனத்தராசு இருந்தது, ஒரு கைப்பிடியும் சிறு விளக்கும் மட்டும் கொண்ட கருவி. பிடித்துக்கொண்டு சொல்வது மனத்தோடு ஒத்துப்போனால் விளக்கு பச்சையாகும், இல்லாவிட்டால் மஞ்சளாகும். நிறைமதி பிடித்துக்கொண்டாள். வங்கி, பச்சை. நூல்காரர்கள், பச்சை.

"கைமாத்து ஏதாச்சும் இருக்குங்களா?"

"இல்லீங்க."

மஞ்சள். ரஹ்மத் நிசா டீயைக் கீழே வைத்தார். "மறைச்சா பெட்டிஷனே செல்லாதுங்க. மறுபடி அஞ்சு வருசம் காத்திருக்கோணும்."

"நான் குடுத்தது கடனே இல்லீங்க," என்றாள் வடிவக்கா பின்னாலிருந்து. "என்ற தங்கச்சிக்கு நான் குடுத்தேன். அவ்வளவுதான். கடன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க சொல்லலீங்க. அவிய சொன்னாங்களா? 'திருப்பித் தந்தர்றேன்'னு?"

நிறைமதிக்குத் தலை தானாகக் குனிந்தது. சொன்னாளா என்றா கேட்கிறார்! ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறாள். பணம் கைக்கு வரும் முன்பே வாயில் வந்துவிடும், "தந்தர்றேன்க்கா, தை மாசம் கண்டிப்பாத் தந்தர்றேன்." ரோஷக்காரி என்று பெயர் வாங்க வேண்டுமே. அக்கா முகம் ஒவ்வொரு முறையும் சுருங்கியதை அவள் கவனிக்காமல் இல்லை.

"அந்தச் சொல்தானுங்க கடன் ஆக்குது," என்றார் பதிவாளர். "இல்லீன்னா அது கொடை. கொடைய நாங்க தொடமாட்டோம், மறதியும் தொடாது. மாத்தறதுக்கு ஒரே வழிதான் இருக்கு. குடுத்தவிய கொடைன்னு சொல்லோணும். வாங்கினவிய 'திருப்பித் தரமாட்டேன்'னு சொல்லோணும். ரெண்டும் பச்சையாகோணும்."

வடிவக்கா கைப்பிடியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "கொடை," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பச்சை.

நிறைமதி முறை. "திருப்பித் தரமாட்டேன்." மஞ்சள். குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னாள். மஞ்சள்தான். அவள் மனம் உள்ளுக்குள் கணக்குப் போட்டபடி இருந்தது. இதெல்லாம் முடிந்ததும் வேலைக்குப் போய், சிறுகச் சிறுகச் சேர்த்து... மனத்தராசுக்கு அது கேட்டுவிட்டது.

"முடியலீங்க," என்றாள். "வெக்கமா இருக்குது."

"என்னடி வெக்கம்?" வடிவக்காவின் குரல் உடைந்தது. "நான் குடுத்தப்பெல்லாம் நீ கந்துவட்டிக்காரன்கிட்டப் பேசற மாதிரித்தான் பேசினே. ஒரு நாளாச்சும் 'குடு'ன்னு உரிமையாக் கேட்டிருக்கியா? நாளைக்கு நீ என்னைய டீக்கடையில பாத்து, 'ஏனுங்க, தள்ளி உக்காருங்க'ன்னு சொல்லுவே. நானும் தள்ளி உக்காந்துக்குவேன். அது வெக்கமில்லியா?"

அறையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வடிவக்காவின் முகம் வெண்மைக்குள் கரைந்து கரைந்து தெரிந்தது. ஒரு கணம் அவள் யாரோ ஒரு வயதான பெண்ணாக, ஈரச் சால்வையோடு வழி தவறி வந்தவளாகத் தோன்றினாள். இதுவரை மானம் என்று எதைக் கட்டிக்கொண்டு திரிந்தாளோ அது அக்காவை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் என்றைக்கும் அக்காவுக்குக் கடமைப்பட்டவளாகவே இருப்பாள், அது தீராது, தீர வேண்டியதும் இல்லை. அந்த எண்ணம் கூசியது. கூசினாலும் அவள் அதை விலக்கவில்லை.

"தரமாட்டேன்க்கா," என்றாள் அழுதுகொண்டே. "எதையுமே தரமாட்டேன் போ."

ரஹ்மத் நிசா விளக்கைப் பார்த்தார். பச்சை. பட்டியலில் வடிவக்காவின் பெயரை எடுத்துவிட்டு, இன்னொரு வாய் டீ குடித்தார். "மத்த கடனுக்கு மறதி அறை மத்தியானம் ரெண்டு மணிக்குங்க. சாப்பிட்டுட்டு வாங்க. வெறும் வயித்துல தூங்கினா தலை சுத்தும்."

இருவரும் வெளியே வந்து கூடத்தைக் கடந்தார்கள். பெயர் பார்க்க வந்தவர்கள் தூண்களோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வடிவக்கா தங்கையின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னடி சாப்பிடறே?"

"என்றகிட்டக் காசில்லக்கா."

"உன்றகிட்ட யாரு கேட்டா? நான் வாங்கித் தர்றேன்."

பழக்க தோஷம் சும்மா விடுமா! "தந்தர்றேன்க்கா" என்ற அந்தப் பழைய சொல் நிறைமதியின் வாய் வரை வந்து நின்றது. அவள் அதை அப்படியே விழுங்கினாள்.

"பிரியாணி வாங்கிக் குடு," என்றாள். "முட்டையோட."