பல்லால் கேட்ட கிட்டார்

ஆறு கம்பிகளையும் வேண்டுமென்றே தளர்த்திவிட்டு மீட்டினான் ஜெரோம். காதில் தேன்.

முறுக்காணிகளைக் கண்டபடி திருகினான். ஒன்றை இறுக்கி, அடுத்ததைத் தொங்கவிட்டு, மறுபடியும் மீட்டினான். அப்போதும் தேன்.

அலுத்துப்போய் கிட்டாரை மடியில் கிடத்தினான். ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், தினமும் செய்து பார்க்கும் சோதனை இது. தினமும் இதே முடிவு.

கதவு திறந்தே இருந்தது. எதிர்வீட்டுச் சந்தியாகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"என்ன வே இது! தேவதூதன் எறங்கி வந்து வாசிச்ச மாதிரில்லா இருக்கு!"

"அண்ணாச்சி, இன்னும் சுருதியே சேக்கல."

"சேக்காமலே இப்படின்னா, சேத்தா எப்படி இருக்கும்!"

"போன வாரம் உங்க வீட்டுக் கதவு கிரீச்சுன்னப்பவும் இதத்தான சொன்னிய?"

"அதுவும் நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் சந்தியாகு, உண்மையாகவே புரியாமல். ஜெரோம் கையெடுத்துக் கும்பிட்டு அவரை அனுப்பிவைத்தான்.

தூத்துக்குடியில் இப்போது சத்தம் என்றால் அது கடல்நீர் ஆலைதான். உப்பை நீக்கி மாவட்டம் தாண்டியும் தண்ணீர் அனுப்பும் ராட்சதப் பம்புகள் கரையோரம் வரிசையாக நின்று ஓயாமல் உறுமுகின்றன. ஆலை வந்த புதிதில் ஊர் தூக்கத்தைத் தொலைத்தது. பிறகு புத்தியை. அதற்கு மருந்தாக வந்ததுதான் இதமி. ஐந்து வயதில் செவிப்பறைக்குப் பக்கத்தில் பதிக்கிற, அரிசி அளவுச் சில்லு. உறுமலை அழித்துவிட்டு மிச்சத்தை உள்ளே விடும். ஆரம்பத்தில் அதன் வேலை அவ்வளவுதான்.

அப்புறம் அப்டேட் வந்தது. மிச்சத்தையும் கொஞ்சம் இதமாக்கினால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. குழந்தையின் வீறல் கொஞ்சலானது. கதவுக் கிரீச்சல் குழலோசையானது. சொற்களை இதமி தொடாது. சொல்லும் தொனியை மட்டும் மாற்றிவிடும். "நாசமாப் போ" என்று கத்தினால் அதே இரண்டு சொற்கள் தாலாட்டு மாதிரி எதிராளியைப் போய்ச் சேரும். தெருச்சண்டை ஒழிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் பாதி மேசைகளை எடுத்துவிட்டார்கள். ஊர் எல்லைக்குள் இதமியை அணைக்க வழியில்லை. அணைத்தால் ஆலையின் உறுமல் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. நம் குரல் நமக்குத் தாடை எலும்பு வழியாகவும் கேட்கிறது. அந்தப் பாதையில் இதமிக்கு வேலை இல்லை. ஆகவே, உலகத்திலேயே கரகரப்பான குரல் தன்னுடையது ஒன்றுதான் என்று ஊரில் ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஜெரோமும்தான்.

அவன் ஆலையில் பம்ப் ஃபிட்டர். நாற்பத்தாறு வயது. அவன் செய்த எதையும் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை; சொன்னாலும் அது பாராட்டாகவே கேட்டது. நல்லது எது, கெட்டது எது என்று தெரியாமலேயே ஒரு மனுஷன் ரிட்டயர் ஆகிவிட முடியும் என்பது ஒருநாள் பஸ்ஸில் வரும்போது அவனுக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் கிட்டார் செய்யும் எண்ணம் வந்தது. தன் கையால் ஒன்று செய்ய வேண்டும். அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒரே ஒருமுறை உண்மையாகத் தெரிய வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

முழுக்கட்டையில் செதுக்கிய கிட்டார் அவனுக்குச் சரிப்படவில்லை. பாதி பொள்ளலாக ஒன்று வேண்டும். நடுவே கழுத்திலிருந்து அடிவரை ஓடும் ஒரு திடமான கட்டை. அதற்கு இரண்டு பக்கமும் வெறும் கூடு. மேல்தகட்டில் இரண்டு துளைகள். கம்பி அதிர்ந்தால் கூடு அதிரும், வயிற்றில் பட்டு நடுங்கும். அந்த நடுக்கத்தை இதமியால் இதமாக்க முடியாதே!

துறைமுகத்தில் கழித்துப்போட்ட சரக்குப் பெட்டிகளின் பலகையை இழைத்தான். மெல்லிய மரத்தாள்கள் மூன்றைப் பசையிட்டு அச்சில் அழுத்தி மேல்தகடு செய்தான். பக்கவாட்டுப் பட்டையை நனைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயில் வைத்து வைத்து வளைத்தான். இரண்டு பட்டைகள் ஒடிந்தன. ஒடிந்தபோதுகூட மணி அடித்த மாதிரிதான் கேட்டது. பழைய ரிலே சுருள்களிலிருந்து மயிரிழைச் செம்புக்கம்பியை உரித்துக் காந்தத்தின் மேல் சுற்றி, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப் செய்தான். கழுத்தில் விரல் வைக்கும் ஃப்ரெட்களைக் கணக்குப் போட்டு, ஸ்கேல் வைத்துப் பதித்தான். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜை மட்டும் காதால் கேட்டு இடம் பார்த்து ஒட்டினான். எங்கே வைத்தாலும் அருமையாக இருந்தது. கடைசியில் ஓர் இடத்தில் ஒட்டிவிட்டான்.

கடையில் சுருதி பார்க்கும் ஒலிமானி வாங்கலாம். அதற்குள்ளும் இதமிதான், எதை வாசித்தாலும் பச்சை விளக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் மனைவி பிரிஜித்தா டியூட்டி முடிந்து வந்தாள். கடற்கரை முதியோர் விடுதியில் நர்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து, காலை நெடுக நீட்டி உட்கார்ந்தாள்.

"முடியல," என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்ததும் சொல்லும் முதல் சொல் அது. கொலுசு குலுங்குகிற மாதிரி காதில் விழும். ஜெரோம் வழக்கம்போலச் சிரித்தான்.

"பிரிஜி, இதக் கேட்டுட்டு உண்மையைச் சொல்லு."

மீட்டினான். அவள் கிட்டாரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கே புடிக்கல."

"எப்படித் தெரியும்?"

"எங்க விடுதில வலியில கெடக்கவங்க மொனகுனா எனக்குப் பாட்டு மாதிரித்தான் கேக்கும். மூஞ்சியப் பாத்துத்தான் ஊசி போடுதேன். நீங்க நாலு மாசமா அந்த மூஞ்சியோடதான் ஒக்காந்திருக்கீங்க."

"நல்லா இருக்கா இல்லையான்னு தெரியணும். அவ்வளவுதான்."

"பம்புக்கு என்ன செய்வீங்க?"

அவன் நிமிர்ந்தான். ஆலையில் அதிர்வுமானி கெட்டுப்போனால் ஃபிட்டர்கள் ஓர் எஃகுக் கம்பியைப் பம்பின் மேல் ஊன்றி மறுமுனையைக் கடித்துக்கொள்வார்கள். பேரிங் தேய்ந்திருந்தால் பல் சொல்லிவிடும். இருபது வருஷமாக அவன் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் மட்டும் காதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

"பம்பக் கடிக்கிற மனுஷன் கிட்டாரக் கடிக்க மாட்டீங்களோ?" என்றாள் பிரிஜித்தா. "ரொம்ப மரியாதைதான்."

கிட்டாரின் தோள்பக்கம் நீண்டிருந்த கொம்பைக் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டுக் கடித்தான். பாலிஷ் கசந்தது. ஒரு காதை இடது விரலால் அடைத்து, இன்னொரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு, வலது கையால் கம்பியைத் தட்டினான்.

மண்டைக்குள் தகரம் கிழிந்தது.

முதலில் அடியாழத்தில் ஆலையின் உறுமல். அதன்மேல், ஒன்றோடொன்று ஒட்டாத ஆறு கம்பிகளின் ஓலம். அதற்கும் மேலே கர்ர்ர் என்று ஒரு துடிப்பு. நடுக்கட்டைக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே பசை சரியாகப் பிடிக்காத இடம். முறுக்காணிகளைத் திருகி, கடித்துக் கேட்டு, மறுபடி திருகி, விரல் வைக்காத வெறும் கம்பிகளின் சுருதியை ஒருவழியாகச் சேர்த்தான். ஃப்ரெட்டில் விரலை வைத்ததும் மறுபடி கோணியது. மேலே போகப் போக இன்னும் கோணல். பிரிட்ஜ் இடம் தப்பி இருந்தது. ஒட்டியாகிவிட்டது.

ஆக, இத்தனை நாள் செய்தது இதுதான். அவனுக்கு அழுகை வரவில்லை. ஓர் அசதிதான் வந்தது, சுமையை இறக்கியபின் தோளில் மிச்சமிருக்கும் அசதி. ஆனாலும் அவன் கேட்டுவிட்டான். பொய்யில்லாமல் ஒரு சத்தம். இன்னொருமுறை தட்ட வேண்டும் போல இருந்தது.

கிட்டார் சரிந்தது. பிரிஜித்தா எழுந்து வந்து அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தாள். அவன் கொம்பைக் கடித்தபடியே இப்போது இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டான். அவள் துளைக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்தாள். தாடை மேல்தகட்டில் அழுந்தியது.

"என்னாச்சு? ரொம்ப மோசமா?"

ஜெரோமின் மண்டைக்குள் யாரோ ஒரு பெண் பேசினாள்.

தெரியாத பெண். தடித்து, நடுவில் விரிந்து, கடைசி எழுத்தில் மூச்சு இற்றுப்போகும் குரல். பல நாள் தூங்காத குரல். அவன் வாயை எடுத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தான். பிரிஜித்தாவைத் தவிர யாருமில்லை.

"நீயா பேசின?"

"பின்னே, சந்தியாகு அண்ணாச்சியா?" கொலுசுக் குரல்.

"அதே மாதிரி தாடைய வச்சுக்கிட்டுப் பேசு."

"என்னத்தப் பேச?"

"எதாவது." கொம்பைக் கடித்துக் காதை அடைத்தான்.

அவள் விளையாட்டு என்றே நினைத்தாள். தாடையை வைத்தாள். "எதாவதுன்னா... இன்னும் சோறு வடிக்கல. காலு ரெண்டும் கடுக்குது. விடுதில ரெண்டு பேரு லீவு, நான்தான் மூணு வார்டும் பாத்தேன்."

தினமும் கேட்கிற சொற்கள். ஒன்றுகூடப் புதிதில்லை. ஆனால் இப்படி அவற்றை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் முகம் மாறியது. முகங்களைப் படிக்கிறவள் அதைப் படித்தாள். தாடையை எடுக்காமல் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்குதா? என் கொரலு... நெசமாவே கேக்குதா?"

பல் பிடியை விடாமல் தலையசைத்தான்.

அவள் தாடையை மரத்தில் இன்னும் அழுத்தினாள்.

"அப்போ இதயும் கேளுங்க," என்றாள். "செவ்வாக்கிழம ராத்திரி சொன்னேன். கோவில்பட்டி ஆஸ்பத்திரில வேல கெடச்சிருக்கு, அடுத்த மாசம் போறேன்னு. நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'போயிட்டு வா, வரும்போது கடலமிட்டாய் வாங்கிட்டு வா'ன்னீங்க."

சொன்னது ஞாபகம் இருந்தது. அவள் ஏதோ கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தான். அப்படித்தான் கேட்டது.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல. ஆர்டர் வந்திருச்சு. வருஷக்கணக்கா முடியல முடியலன்னு சொல்லுதேன். நீங்க சிரிக்கீங்க. நானும் உங்க மூஞ்சியப் பாத்து, இந்த ஆளுக்குக் கல்லு மனசுன்னு நெனச்சிட்டேன்."

கோவில்பட்டி ஆலையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே போனால் இதமி தானாக அணைந்துவிடும். போனவர்களில் பலர் சொந்தக்காரர்களின் குரலைத் தாங்க முடியாமல் திரும்பி வந்திருக்கிறார்கள். அதெல்லாம் தெரிந்துதான் போகிறாள். அவன் இல்லாமல் போகிறாள்.

ஜெரோம் கொம்பிலிருந்து வாயை எடுத்தான். உதட்டில் பாலிஷ் ஒட்டியிருந்தது.

"பிரிஜி, நானும் வாரேன்."

அவள் அயர்ச்சியோடு சிரித்தாள். "நீங்க எதச் சொன்னாலும் எனக்கு நல்லாத்தான் கேக்கும். அதுதான கோளாறு."

கிட்டாரை அவன் கையிலிருந்து வாங்கி, திருப்பி, அடிப்பக்கத்தை அவன் மடியில் வைத்தாள். கொம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கடித்துக்கொண்டாள். இரண்டு காதிலும் விரலை வைத்து, சொல்லுங்க என்று புருவத்தை உயர்த்தினாள்.

அவன் தாடையை மரத்தில் பதித்தான். ஆலை வேலை, எல்லைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் அத்தனை சத்தங்கள், இவ்வளவு காலம் அவன் கேட்டே இராத வீட்டுப் பேச்சு, எல்லாம் ஒருசேர மனதில் ஓடின. செருமினான். அவள் முகம் சுளித்தது. அதுவும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"நானும் வாரேன்."

தன் காதுக்குள்ளேயே அது கரகரத்தது. நடுவில் ஓரிடத்தில் தயங்கியது. காது வழியாகப் போயிருந்தால் அந்தத் தயக்கத்தை இதமி அவளிடமிருந்து மறைத்திருக்கும்.

பிரிஜித்தா மெல்லக் கொம்பிலிருந்து பல்லை எடுத்தாள். அவன் இத்தனை மாதமாக யாரிடமோ கேட்டுக் காத்திருந்த தீர்ப்பு, எந்த மழுப்பலும் இல்லாமல், அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"நல்லா இல்லீங்க," என்றாள். "திரும்பச் சொல்லுங்க."

மறுபடி கொம்பைக் கடித்துக்கொண்டு, காதில் விரலை வைத்து, அவள் காத்திருந்தாள்.