கரண்ட் போன பிறகு விழுந்த புள்ளிகள்

மிசின் ரிப்பேர் பார்க்க வந்த ராபினுக்கு, சாயப்பட்டறைக்குள் காலை வைத்ததுமே ஒரு நெடி மூக்கைத் துளைத்தது. சாய நெடி அவனுக்குப் பழக்கம்தான். இது அதற்கு அடியில் கிடந்த வேறொரு வாடை.

"மிசின் நின்னுபோச்சுங்க தம்பி. சாயந்தரத்துக்குள்ள ஓட்டிக் குடுத்துருங்க," என்றார் முதலாளி லிங்கசாமி. மிசினை நெருங்காமல், தூர நின்றேதான் சொன்னார்.

தரை கழுவிக்கொண்டிருந்த ஒச்சாயி மெல்ல வாயைத் திறந்தாள். "இத ஓட்டுனது எங்க வீட்டுக்காரருண்ணே, சந்தனம். சொல்லாமக் கொள்ளாம ஊருக்கு ஓடிட்டாருன்னு மொதலாளி சொல்றாரு. ஊருக்குப் போய்ச் சேரவே இல்லண்ணே. என்ன ஆனாருன்னு தெரிஞ்சாப் போதும்."

"ஓடுனவன் பேச்சு இப்ப எதுக்கு?" என்று லிங்கசாமி அதட்டினார்.

இதில் அதட்ட என்ன இருக்கிறது என்று ராபினுக்குத் தோன்றியது.

ஆளே உள்ளே இறங்கலாம் போலிருந்த அந்த இரும்புச் சாய மிசினின் பேனலைத் திறந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. அதையும் லேப்டாப்பையும் சீரியல் கேபிளால் இணைத்துத் திரையைப் பார்த்தான். ஓர் எழுத்துகூட வரவில்லை. தகவல் வரும் வேகத்தை மாற்றினான். அனுப்பும் ஒயரையும் வாங்கும் ஒயரையும் இடம் மாற்றினான். ம்ஹூம்.

பொசுக்கென்று கரண்ட் போனது. போர்டின் சிவப்பு விளக்கும் அணைந்தது. பேட்டரியில் லேப்டாப் மட்டும் மினுங்கியது.

அப்போதுதான் திரையில் புள்ளி விழுந்தது.

இரண்டு புள்ளி. சற்று இடைவெளி. ஒரு புள்ளி.

கேபிள்தான் சேட்டை பண்ணுகிறது என்று லேப்டாப்பிலிருந்தே பிடுங்கினான்.

இரண்டு. ஒன்று.

எட்டிப் பார்த்த ஒச்சாயியின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது.

"அண்ணே... அவருதான் தட்டுறாரு."

"என்னக்கா சொல்றீங்க?"

"மிசினுக்குள்ள எறங்கிக் கழுவுவாங்க. மூடியச் சாத்துறதுக்கு முன்னால வெளிய இருந்து தட்டிக் கேக்கணும். ஆள் இருந்தா உள்ள இருந்து பதில் தட்டுவாங்க. ரெண்டு, அப்புறம் ஒண்ணு."

"அன்னிக்குத் தட்டிப் பாக்க நேரமில்லீங்களே..."

லிங்கசாமியின் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"என்னிக்கு?" என்றாள் ஒச்சாயி.

அவர் தன் அறைப் பக்கம் பின்வாங்கினார். அவள் விறுவிறுவென்று போய் மிசினின் இரும்பு மூடியை இழுத்துத் திறந்தாள். குப்பென்று அந்த வாடை. உள்ளே யாரும் இல்லை.

திரையில் புள்ளி விழுவது நின்றது.

"வெளிய வந்துட்டாரு," என்று கிசுகிசுத்தாள்.

லிங்கசாமி ஓடிப்போய்த் தன் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஒச்சாயி கதவை ஓங்கித் தட்டினாள். "என்னிக்குன்னு கேட்டேன்!"

உள்ளேயிருந்து பதில் தட்டு வந்தது. இரண்டு. ஒன்று.

"தட்டுனது நானில்லீங்க!" லிங்கசாமி உள்ளேயிருந்து கத்தினார். "தாழ்ப்பாள் நகர மாட்டேங்குது, கதவத் தொறந்து உடுங்க தம்பி..."

ராபின் கதவைப் பார்த்தான். வெளிப்பக்கம் தாழ்ப்பாளே இல்லை.