பேர் வெட்டிய ஜாடி

அவலூர்பேட்டையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று போன் வந்ததால்தான் போனேன். செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவனுக்கு இது வழக்கமான வேலை. அண்டா, குண்டானோடு ஒரு ஜப்பான் ஜாடியையும் அந்த வீட்டு மகாலட்சுமியம்மா என் கையில் திணித்தார். செம்பு உடம்பு, மேலே நீல எனாமல், மெல்லிய கம்பிக் கோட்டுக்குள் வெள்ளைக் கொக்குகள். வாயருகே முகர்ந்தால் பூட்டிக்கிடந்த அறையின் வாடை.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஜெயஸ்ரீக்குக் கல்யாணம். சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் அனுப்புவோமா? மெஷினை எடுத்து, ஜாடியின் செம்பு விளிம்பிலும் ‘ச.ஜெயஸ்ரீ’ என்று வெட்டினேன். புத்தி கெட்டவன் நான்.

மாடியிலிருந்து அவள் ஓடி வந்தாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

சத்தமே இல்லை.

“நைனா...”

ஜாடிக்குள்ளிருந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டு நாள் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையும் கீழே கடையில்தான் கேட்டது. எழுத்தை அரம் வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளே இறங்கியது. மகாலட்சுமியம்மாவுக்குப் போன் போட்டேன்.

“ஐயையோ, பேர் வெட்டிட்டீங்களா?” குரல் கிசுகிசுத்தது. “என் பேரத்தான் மொதல்ல வெட்டினோம். இன்னொரு பேர் வெட்டினாத்தான் முந்தின ஆள விடும். எங்க வூட்டுக்காரர் தன் பேர வெட்டிக்கினார். சாகறவரைக்கும் பேசல. செத்த அன்னிக்கு எழுத்தும் மறைஞ்சிபோச்சி.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா யாரு எடுத்துக்கினு போவாங்க?”

யோசிக்க என்ன இருக்கிறது? ‘ப.சம்பந்தம்’ என்று என் பேரை வெட்டினேன். தொண்டைக்குள் ஏதோ அறுந்தது.

“நைனா! குரல் வந்துடுச்சி!” மாடியிலிருந்து ஜெயா கூவினாள்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. அந்தச் சனியனை ஏரியில் போட்டுவிட நினைத்து, முதலில் வண்டியை எடுக்கத் தெருவில் இறங்கினேன்.

பின்னால் ஷட்டர் தடாலென்று விழுந்தது. தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

உச்சி வெயில். தகரத்தில் காதை வைத்தேன். அவள் படியிறங்கும் கொலுசுச் சத்தம்.

“நைனா, எங்க இருக்கீங்க? ஏன் இருட்டா இருக்குது?”

“குடோன்ல இருக்கேம்மா.”

என் குரல்.

இரண்டு கையாலும் ஷட்டரை அடித்தேன். வாயைத் திறந்து கத்தினேன். காற்றுகூட வரவில்லை.

“வெளிய யாரோ தட்றாங்க நைனா.”

“கடை லீவுன்னு போயிடுவாங்க. அந்த நீல ஜாடியில பேர் சரியா விழல. மெஷின எடுத்து மறுபடியும் வெட்டிடும்மா, அப்பதான் உன் குரல் திரும்பப் போகாது.”

கடையிலேயே வளர்ந்த பெண். மெஷின் பிடிக்க நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

“யார் பேரு நைனா?”

“உன் பேருதாம்மா.”

முட்டி கிழிய அடித்தேன். பக்கத்துக் கடைக்காரர் எழிலரசன் ஓடி வந்து, “இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி?” என்று என்னை உலுக்கினார். கடையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை.

உள்ளே மெஷின் ஓடியது.

நின்றது.

“ஜெயா!”

தெருவே திரும்பிப் பார்த்தது. கத்தியது நான்தான்.