மூச்சு விடாத குரல்

மேஜை மேல் சும்மா கிடந்த போன் சுட்டது. அன்று காலையிலிருந்து அவள் அதைத் தொடவே இல்லை.

பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் கேட்பது அவள் குரல்தான். ஊர்ப் பெயர்களைத் தனியாக, எண்களைத் தனியாகப் பேசிப் பதிந்து, வெட்டி ஒட்டுவது அவள் வேலை. ஒட்டிய இடத்தில் மூச்சு இருக்காது. அது அவள் காதுக்கு மட்டும் உறுத்தும், பேருந்தைத் துரத்துகிறவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. இரைச்சலை நீக்கும் ஆப் ஒன்றைப் போன வாரம் இறக்கியிருந்தாள். அது மைக், இருப்பிடம், தொடர்பு எண்கள் என்று கேட்டதற்கெல்லாம், ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கிடைத்த அவசரத்தில் அனுமதி தட்டிவிட்டாள்.

"இது போலிம்மா," என்றாள் டிக்கெட் கவுண்டர் அக்கா, போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு. "நல்ல ஆப்போட பேரையும் படத்தையும் ஒட்டி வச்சிருக்கான். நீ பேசறதெல்லாம் கேட்டுட்டே இருக்கும்."

"என் புலம்பலைக் கேட்டா அதுவே ஓடிப்போயிடும்க்கா."

சிரித்துக்கொண்டே ஆப்பை அழித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தது. மறுபடி அழித்தாள். இந்த முறை அழைப்புப் பட்டியல் கண்ணில் பட்டது. வீட்டுக்கு ஓர் அழைப்பு போயிருந்தது, அன்று மாலை. அவள் பேசவில்லை.

பள்ளி விட்டு வந்து மகள் தனியாக இருக்கும் நேரம். அப்பா இல்லாத வீடு என்பதால் தாயும் மகளும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வாசலில் நின்று அவள், 'குண்டுப் பூனை வந்திருக்கு' என்பாள். உள்ளிருந்து மகள் 'மியாவ்' என்ற பிறகுதான் கதவு திறக்கும். அப்போதெல்லாம் போன் அவள் கையில்தான். ஞாயிற்றுக்கிழமை கண்ணாமூச்சி ஆடியபோதும் அலமாரி மேல் அது இருந்தது.

மழையில் ஓடினாள். மாடிப்படியில் ஈரத் துணியின் வாடை, அதற்கு அடியில் யாருடையதோ வியர்வை நாற்றம். வாசலில் ஈரமான ஷூ தடம். பெரியது. உள்ளே போயிருந்தது. திரும்பி வரவில்லை.

சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. உள்தாழ்ப்பாள்.

"குண்டுப் பூனை வந்திருக்கு."

மியாவ் வரவில்லை. கதவுக்குப் பின்னால் மகள் கிசுகிசுத்தாள். "போங்க. எங்கம்மா வந்துட்டாங்க. கண்ணை மூடிட்டுத் திறக்கச் சொன்னாங்க, திறந்தேன். இப்ப உள் ரூம்ல ஒளிஞ்சிருக்காங்க. யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாதாம்."

"கண்ணு, அது அம்மா இல்ல. தாழ்ப்பாளை எடு. தயவுசெஞ்சு எடுடா."

உள் அறையிலிருந்து அவள் குரலே கூப்பிட்டது. "செல்லம் லைட்டை அணைச்சிட்டு வா." செல்லத்துக்கும் லைட்டுக்கும் நடுவில் மூச்சு இல்லை.

சின்னக் கால்கள் கதவைவிட்டு ஓடின. அவள் கதவை அறைந்தாள். கத்தினாள். கதவடி வெளிச்சம் அணைந்தது.

"குண்டுப் பூனை வந்திருக்கு," என்றது அவள் குரல், உள்ளே.

இருட்டிலிருந்து மகள் ஆசையாகச் சொன்னாள்.

"மியாவ்."