கதவோரத்து இரைச்சல்

மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் ரோவீனா பெல்ச்சர். இரைச்சல் நிற்கவில்லை.

கதவுக்கு வெளியே தரையில் கிடந்த அந்த வட்டப் பெட்டி, மனநல ஆலோசனைத் தொழில் நடத்துகிற எல்லார் வாசலிலும் காவல்நாயைப் போலக் கிடப்பதுதான். உள்ளே ஒருவர் உடைந்து அழுதால் வெளியே சோபாவில் காத்திருப்பவர் காதுக்கு அது எட்டக்கூடாது என்பதற்காக, காலையிலிருந்து மாலைவரை உஸ்ஸென்று ஒரே சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். பக்கத்துப் பல் மருத்துவரிடமிருந்து கிராம்பு வாசனையும், ஹீட்டரில் கருகும் தூசி வாசனையும் கலந்து நடைக்கூடத்தில் மிதந்தன. ஜனவரி மாலை, வெர்ஜீனியாவில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விசிறி சுழலவில்லை. செத்த எலியைப் போல் குளிர்ந்திருந்தது. உஸ்ஸென்ற மூச்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன டாக்டரம்மா, பெட்டிக்கே வைத்தியமா?"

பர்க். கையில் டோனட் பெட்டி. ஒரு காலத்தில் ராணுவத்தில் உளவியலாளன்; ராணுவம் கைதிகளை விசாரிக்கும் தீவுச் சிறைக்கு அவளையும் வேலைக்கு அழைத்துப் போனவன்; இப்போது உளவியலாளர் சங்கத்தின் நெறிமுறைக் குழுவில் பெரிய ஆள். கூப்பிடாமலே அறைக்குள் வந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இந்த இரைச்சல் உனக்குக் கேக்குதா?"

"எந்த இரைச்சல்?" ஒரு கடி கடித்தான். உதட்டில் சர்க்கரைப் பொடி. "இன்னிக்குப் பேசப் போறியாமே?"

அன்று ஆறு மணிக்குச் சங்கம் தொலைபேசியில் கூடுகிறது. கைதிகளை வதைக்கும் அறைகளில் உளவியலாளர்கள் தொடர்ந்து உட்காரலாமா கூடாதா என்று அன்றைக்கே முடிவு. அங்கே உட்கார்ந்த யாராவது வாயைத் திறந்தால் ஒழிய, "நம்மவர்கள் தவறேதும் செய்யவில்லை" என்றுதான் முடியும். இதற்கு முன்பும் அவள் திறந்து பார்த்தாள். எழுதினாள், அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. நேரில் போனாள், புகார் என்றால் பாதிக்கப்பட்டவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தீவில் பூட்டிக் கிடப்பவனிடம் போய்க் கையெழுத்து வாங்கவேண்டுமாம்! பள்ளிப்பிள்ளை முதுகில் ஒரு தழும்பைப் பார்த்துவிட்டுச் புகார் கொடுக்காமல் சும்மா இருந்தால் ஆலோசகரின் உரிமத்தையே பிடுங்குகிற அதே ஊர்தான் இது.

"பேசத்தான் போறேன். விசாரணை அறைக் கண்ணாடிக்குப் பின்னாடி நான் உக்காந்ததையும் சொல்வேன், உக்கார வெச்சது நீன்னும் சொல்வேன்."

"சொல்லேன், யாரு வேண்டாங்கறா? வார்த்தையை மட்டும் கொஞ்சம் பாத்துப் போடு. 'சித்திரவதை' எதுக்கு? 'கடுமையான விசாரணை'ன்னு வெச்சுக்கயேன்."

"முடியாது."

"சரி, உனக்காக... 'அழுத்தம்'."

"பர்க், இதென்ன பழைய கார் வியாபாரமா?"

"நீயும் கொஞ்சம் இறங்கி வரணும்ல? நாம அங்க இல்லேன்னா அவனுங்க அந்தக் கைதியைக் கொன்னே போட்டிருப்பானுங்க. காப்பாத்துனதே நாமதான்."

வருஷக்கணக்காக அவன் கூவி விற்கும் சரக்கு இது. முதல் போணி செய்தவளே அவள்தான்.

தீவில் அந்தக் கைதிக்குப் பெயர் கிடையாது, எண்தான். அவன் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு தாங்குவான் என்று சொல்வது அவள் வேலை. எதற்குத்தான் இவன் பயப்படுவான் என்று ஒருநாள் விசாரணைக்காரர்கள் கேட்டார்கள். பக்கத்து அறைக்காரர்கள் தொழுகிற குரலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடிருக்கிறான், அது கேட்காமல் போனால் உடைந்துவிடுவான் என்றாள். அந்தக் குரலை எப்படி மறைப்பது என்றார்கள். ஊரில் தன் கதவோரம் கிடக்கும் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். தொழில் ரகசியம், இலவசமாகவே கொடுத்தாள். அவர்கள் அதே உஸ்ஸை அவன் அறையில் ஆளுயர ஒலிபெருக்கியில் வைத்தார்கள். தன் குரலையாவது கேட்போம் என்று அவன் கத்திப் பார்த்தான், பாடிப் பார்த்தான். பிறகு வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. உடம்புக்கு ஆபத்தில்லை என்று அவள் சொன்னாள்.

தொலைபேசி அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"பெல்ச்சர், சொல்லுங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்கோம்," என்றாள் கூட்டத் தலைவி.

சொன்னாள். ஒன்றையும் குறைக்காமல், விலை பேசாமல் சொன்னாள்: கண்ணாடியை, எண்ணை, பெட்டியை, பர்க்கின் பெயரை, தன் பெயரை. உள்ளே வருஷக்கணக்காய்ச் சிக்கிக் கிடந்த முள் ஒவ்வொன்றாகக் கழன்று வருவதுபோல் இருந்தது.

"பெல்ச்சர்? இருக்கீங்களா?"

"இருக்கேனே!"

"வெறும் உஸ்ஸுன்னு வருது. யாரு வீட்டுலயாவது தண்ணிக் குழாயைத் திறந்து விட்டிருக்கீங்களா?"

சிரிப்பு. நாலைந்து பேர்.

மறுபடி சொன்னாள். கத்தினாள். தொண்டை எரிந்தது. மேசையை அறைந்தாள். அறைந்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

"சொல்ல ஒண்ணுமில்ல போலிருக்கு. ஆட்சேபம் இல்லேன்னு போட்டுக்கலாம். அடுத்தது?"

துண்டித்துவிட்டார்கள்.

இரைச்சல் இப்போது நடைக்கூடத்தில் இல்லை. அறைக்குள் இருந்தது. சுவரில். பல்லில்.

பர்க் பக்கம் திரும்பினாள். நீ கேட்டியே! நான் சொன்னதெல்லாம் நீ கேட்டியே!

அவன் டோனட்டை வைத்தான். விரல்களைத் துடைத்துக்கொண்டான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான். நோயாளி பேசும்போது சாய்ப்பதற்கென்று பழகிக்கொண்ட சாய்ப்பு. அவள் மூச்சைப் பார்த்தான். கண்களை. விரல் நடுக்கத்தை.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி அசையவில்லை.

அவன் எழுந்தான். அவளை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே கும்மிருட்டு. கண்ணாடியில் அறை தெரிந்தது. விளக்கு தெரிந்தது. பர்க் தெரிந்தான்.

கதவோரம் நிற்பவள் தெரியவில்லை.

கண்ணாடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கால்மேல் கால். கையில் காபி. சில வருஷங்கள் இளையவள். அதே முகம்.

பர்க் அந்த உட்கார்ந்திருந்தவளிடம் ஏதோ கேட்டான். குரல் வரவில்லை. உதடு மட்டும் புரிந்தது.

இன்னும் தாங்குவாளா?

கண்ணாடிக்குள் இருந்த ரோவீனா, வெளியே வாயசைத்துக்கொண்டிருப்பவளை உச்சியிலிருந்து பாதம்வரை நிதானமாகப் பார்த்தாள். ஒரு மிடறு காபி குடித்தாள். தாராளமாக என்று தலையசைத்தாள்.